வேகமும் சௌகரியமும்: பந்தயச் சைக்கிளில் நெடுவழி செல்வோருக்கு ஒரு திறந்த மடல்



விடிவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டு, மாமல்லபுரத்தையும் மரக்காணத்தையும் கடந்து புதுச்சேரி வரையில் சைக்கிளில் போய்த் திரும்புகிறவர்களும், ‘பி.ஆர்.எம்.’ என்று நீங்கள் சுருக்கமாகச் சொல்லும் நெடுவழிப் பிரயாணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டவர்களுமாகிய உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். வளைந்த ஹேண்டில்பாரும் ஒடுங்கிய சீட்டும் மெல்லிய டயரும் கொண்ட பந்தயச் சைக்கிள், மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிற இளைஞரும் யுவதியும் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கக்கூடிய வஸ்துவாகிவிட்டதில் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் அந்தச் சைக்கிளோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் உங்கள் கூட்டத்தில் குடிபுகுந்து, விவாதத்துக்கே இடமில்லாத சித்தாந்தமாக வளர்ந்துவிட்டது. இந்தச் சைக்கிளில் சௌகரியத்தை எதிர்பார்ப்பதே பேதைமை; இடுப்பு கடுப்பதும் கை மரத்துப்போவதும் உட்காருமிடம் புண்ணாவதும் வேகத்துக்குக் கொடுத்தாக வேண்டிய விலை; பல்லைக் கடித்துக்கொண்டு சகிப்பவரே வீரர் என்பதுதான் அந்த அபிப்பிராயம். அது பொய் என்பதையும், உங்கள் தேகத்துக்கு நீடித்த கெடுதியை விளைவிக்கக்கூடிய பொய் என்பதையும் எடுத்துச் சொல்வது என் கடமையென்று கருதுகிறேன்.

சைக்கிளின் சரித்திரத்தைப் பார்த்தாலே சௌகரியம் வேகத்துக்குச் சத்துரு அன்று என்பது விளங்கும். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போவதைக் கண்டு, அந்தக் குலுக்கலைத் தணிக்கும் பொருட்டுச் சக்கரங்களைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைக் கட்டிப் பார்த்து, 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். குழந்தையின் சுகத்துக்காகச் செய்த அந்த யுக்தி, மறு வருஷமே பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்ற வீரரைக் கெட்டி ரப்பர் டயர்க்காரர்களுக்கெல்லாம் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது. 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்ப் பாரிஸுக்கே திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்ப் பந்தயம் முதன்முதலாக நடந்தபோது, ஷார்ல் டெரோன் என்பவர், மிஷெலின் சகோதரர்கள் புதிதாகச் செய்திருந்த, கழற்றி மாட்டக்கூடிய காற்று டயரோடு ஓட்டி, மூன்று நாள் முடிவதற்குள்ளாகவே முதல்வராக வந்து சேர்ந்தார். இன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பிரயாணத்துக்குத்தான் உங்களில் பலர் தகுதி தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தேகம் குலுங்கக் குலுங்கச் சக்தி விரயமாகிறது. குலுக்கல் தணியத் தணிய அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படியிருந்தும், உங்களில் பலர் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் 120 பி.எஸ்.ஐ. வரையில் காற்றை அடைத்து, விரலுக்குக் கொஞ்சமும் அமுங்கவில்லை என்று கண்டு திருப்தியடைகிறீர்கள். வழவழப்பான இரும்பு உருளையின் மேல் வைத்துச் சோதிக்கும்போது கெட்டியான டயர் லகுவாக உருளுவது உண்மையே. ஆனால் சாலை உருளையன்று. ஜல்லி துருத்தி நிற்கும் தாரின் மேலும், ஊருக்கு ஊர் வேகத்தடைக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேலும் அந்த டயர் போகும்போது, அது ஏற்க வேண்டிய அதிர்ச்சியையெல்லாம் உங்கள் தசைகள் ஏற்கின்றன. ஒவ்வோர் அதிர்விலும் நீங்கள் மிதித்துச் சம்பாதித்த சக்தி கொஞ்சம் கொஞ்சமாக உஷ்ணமாக மாறிப்போகிறது. அமெரிக்காவில் சைக்கிள் பத்திரிகை நடத்திவந்த யான் ஹைனே, சோதனைச்சாலையை விட்டுச் சாலையிலேயே ஆளை ஓட்டவைத்துப் பரீட்சித்து வலியுறுத்திய விஷயம் இதுதான். இன்றைக்குப் பந்தய வீரர்களே பெரும்பாலும் 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரைப் போடுகிறார்கள். வடபிரான்ஸின் கல் பாவிய பாதைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் அதைவிடவும் அகலமானவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் முன்சக்கரத்துக்கு 65, பின்சக்கரத்துக்கு 70 பி.எஸ்.ஐ. என்று ஆரம்பித்து, பள்ளத்தில் ரிம் இடிக்காத அளவுக்குள் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்துத் தமக்கு உகந்ததைக் கண்டுகொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு, அதற்கு மேல் போகக்கூடாது என்னும் எச்சரிக்கையே தவிர, அந்த அளவுக்கு அடைத்தே தீர வேண்டும் என்னும் ஆக்ஞை அன்று. ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, இருந்தால் டயரை மாற்றிவிடுங்கள். செலவு இவ்வளவு குறைவாகவும் பலன் இவ்வளவு சீக்கிரமாகவும் இருக்கிற பரிகாரம் வேறொன்றை நான் அறியேன்.

டயருக்கு அடுத்தபடியாகச் சீட்டைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கூச்சத்தின் காரணமாக நம்மவர்கள் இந்த விஷயத்தை ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதில்லை. சைக்கிளில் நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு எலும்பு முனைகள். அவற்றுக்கு இடையேயுள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒல்லி, பருமன் என்று உருவத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. அதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. சாமான் வரும் பெட்டியிலிருந்து நெளிநெளியான அட்டையை ஒரு முழம் கிழித்து, கெட்டியான மர முக்காலியின் மேல் வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால்களைச் சிறிது உயர்த்திக்கொண்டு முன்னால் குனிந்து ஒரு நிமிஷம் இருந்துவிட்டு எழுந்தால், அட்டையில் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அவை தெளிவாகத் தெரியும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றொன்றின் மையம் வரையில் அளந்து, அந்த அளவோடு கடைக்குப் போய், இரண்டு முனைகளும் விளிம்பில் தொங்காமல் நன்றாக அமர இடம் கொடுக்கும் சீட்டைக் கேளுங்கள். மெத்தென்றிருக்கும் ஜெல் உறையைக் கண்டு ஆசைப்படாதீர்கள். அரைமணி நேரப் பிரயாணத்துக்கு அது சுகமாயிருக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குப் போனாலோ, எலும்புகள் மெத்தைக்குள் அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள மிருதுவான பாகம் மேல்நோக்கி நெருக்குண்டு, அங்கேயுள்ள நரம்பும் இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. 1866-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் வேலைத் தொழிலாகத் தோன்றிய ப்ரூக்ஸ் கம்பெனியார் செய்துவரும் கெட்டித் தோல் சீட்டு, ஓட்டுகிறவருடைய எலும்புக்குத் தக்கபடி நாளடைவில் குழிந்து கொடுப்பதால் நெடுவழிக்காரர்களிடம் இன்றும் மதிப்பு இழக்காமல் இருக்கிறது. சில நூறு கிராம் எடை கூடுகிறதென்று மட்டும் அதை ஒதுக்குவது விவேகமன்று.

சீட்டின் உயரம் அதைப்போலவே முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பாகத்தை வைத்து மிதிக்கையில், முழங்காலில் 25 முதல் 35 பாகை வரையில் வளைவு எஞ்சியிருக்கும். கால் கவட்டின் உள்ளளவை 0.883-ஆல் பெருக்கி, பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரைக்கும் அந்த உயரத்தை வைக்கும் கணக்கு ஒன்று, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் பெயரால் பிரசித்தமாயிருக்கிறது. இவை இரண்டுமே ஆரம்ப அளவுகள்தாம். உயரம் மிஞ்சினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு பக்கவாட்டில் ஆடி, உராய்ந்து உராய்ந்து புண் உண்டாகிறது; குறைந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகிறது. சரியான உயரம் அகப்பட்டதும் சீட்டுக் கம்பியில் ஒரு சிறு டேப்பை ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உட்காருமிடம் மரத்துப்போவதைச் சகிக்கவே கூடாது. வலியைவிட மரத்துப்போதல் அபாயமானது. வலி நம்மை நிறுத்தச் சொல்கிறது, மரத்துப்போன உறுப்போ எதையும் சொல்வதில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் தொழில்நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களைப் பரீட்சித்து, சீட்டின் மூக்குப்பகுதி கவட்டை அழுத்துவதால் உணர்ச்சிக் குறைவும் ஆண்மை சம்பந்தமான கோளாறும் நேரக்கூடும் என்று கண்டு, மூக்கில்லாத சீட்டையே அவர்களுக்குச் சிபாரிசு செய்தார்கள். மூக்கில்லாத சீட்டு உங்கள் ஓட்டத்துக்கு ஒத்துவராமல் இருக்கலாம். ஆனால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. பத்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெடலின் மேல் எழுந்து நின்று நாலைந்து மிதி மிதிப்பதும், வெள்ளைப் பட்டைகள் வருமிடங்களில் பாரத்தைக் கால்களுக்கு மாற்றிக்கொள்வதும் உங்களுக்குச் சுபாவமாகிவிட வேண்டும்.

மரக்காணத்து உப்பளங்களுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். நல்ல திடகாத்திரர், வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்தால் களைப்பின் சாயலே இல்லை. ஆனால் தலைக்கவசத்தின் வாரைக் கழற்றுவதற்கு மூன்று தடவை முயன்றும் முடியாமல், பக்கத்திலிருந்த நண்பரை நோக்கி மோவாயை நீட்டினார். தேநீர்க் கிளாஸை எடுத்தபோது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டுமே அதைப் பிடித்தன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தமக்குச் சம்பந்தமில்லாததுபோல் விலகி நின்றன. கிளாஸின் சூடுகூட அந்த விரல்களுக்குத் தெரியவில்லை என்றார். இந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியினூடே செல்கிறது. உள்ளங்கையின் அடிப்பாகம் மணிக்கணக்கில் ஹேண்டில்பாரில் அழுந்தும்போது அந்த நரம்பு நசுங்குகிறது. இரண்டொரு நாளில் சரியாகிவிடுவதும் உண்டு. அலட்சியம் செய்தால் மாதக்கணக்கில் கையின் பிடி பலவீனமாகிவிடுவதும் உண்டு. அவர் அதற்குப் பரிகாரமாகக் கையுறையைத் தடிப்பாக மாற்றி, ஹேண்டில்பாருக்கு இரட்டை டேப் சுற்றியிருந்தார். நான் அவருடைய சைக்கிளைப் பார்த்தேன்: சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தது. கவட்டில் அழுத்தம் குறையட்டும் என்று அவரே சரித்தாராம். அதன் விளைவாக உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்க, அதைத் தடுத்து நிறுத்தும் வேலை முழுவதும் இரண்டு உள்ளங்கைகளின் தலையில் விழுந்திருந்தது. கைவலிக்குக் காரணத்தைக் கையிலேயே தேடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற காரியம். பெரும்பாலும் அது சீட்டின் சாய்விலோ, சீட்டு முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதிலோ இருக்கிறது. கொத்தனார் உபயோகிக்கும் சிறிய ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, முதலில் சமனாக நிறுத்துங்கள். பிறகு போக்குவரத்தில்லாத நேரான பாதையில், நிதானமான வேகத்தில் ஓட்டியபடி, கைகளின் பாரத்தை ஹேண்டில்பாரிலிருந்து மெல்லத் தளர்த்திப் பாருங்கள்; உடனே முன்னால் குப்புறச் சாய்ந்தால், சீட்டைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும் என்று பொருள்.

இனி ஹேண்டில்பாரின் உயரம். படங்களில் காணும் பந்தய வீரர்கள் முதுகைத் தரைக்குச் சமமாக வளைத்துப் போவதைப் பார்த்து, அதே தோரணையில் உங்கள் சைக்கிளையும் அமைத்துத் தரும்படி கடைக்காரரைக் கேட்கிறீர்கள். அவர்களுடைய உடல் வளைந்து கொடுக்கிறது, நம் உடல் வளைவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெடலைப் பலமாக மிதிக்க மிதிக்க, அந்த மிதியின் எதிர்விசை மேலுடம்பைத் தூக்கிக் கொடுக்கிறது. கையிலும் சீட்டிலும் விழும் பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. பந்தய வீரர் மணிக்கணக்கில் மிதிக்கும் பலத்தில் பாதியைத்தான் நாம் நெடுவழியில் நீடித்துச் செலுத்த முடியும். ஆகவே அவருடைய தோரணையில் நாம் உட்கார்ந்தால், அவருக்கு மிதியே சுமந்து கொடுக்கும் பாரத்தை நம் உள்ளங்கையும் கழுத்தும் சுமக்க நேரிடும். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குக் கழுத்துத் தசைகள் அடியோடு தளர்ந்து தலை நிமிராமலே போய், அந்த உபாதைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. புதுச் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஃபோர்க்கின் கழுத்துக்குழாயை முதல் நாளே அறுத்துவிட அனுமதிக்காதீர்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கு அடியிலுள்ள வளையங்களை வேண்டும்போது எடுக்கலாம். அறுத்த குழாயோ மீண்டும் வளராது. இரண்டு மூன்று மாதம் உயர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரின் கீழ் வளைவையும் சிரமமின்றிப் பிடிக்க முடிகிறதென்றால் ஒவ்வொரு வளையமாக இறக்கிக்கொள்ளுங்கள். கீழ் வளைவை ஒருநாளும் தொடாத அளவுக்கு ஹேண்டில்பாரைத் தாழ்த்தி வைத்திருப்பவருக்கு அந்தத் தாழ்வினால் வேகமும் இல்லை, சுகமும் இல்லை.

பெண்களுக்கு இதில் கஷ்டம் இரட்டிப்பு. பெரும்பாலான சைக்கிள் சட்டங்களும் சீட்டுகளும் ஆண்களின் அளவை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. ஐந்தடி உயரமுள்ள பெண், எட்டிப் பிடிக்க முடியாத ஹேண்டில்பாரை எட்டிக்கொண்டே நூறு கிலோமீட்டர் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஜியார்ஜீனா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1985-இல் கம்பெனி தொடங்கி, குட்டையான பெண்களுக்கென்று முன்சக்கரத்தைச் சிறிதாக வைத்துச் சட்டத்தின் நீளத்தைக் குறைத்த சைக்கிள்களைச் செய்து காட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம் கடைகளில் சிறிய அளவுச் சட்டம் அருமையாகவே கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில், நீளம் குறைந்த ஸ்டெம்மும், தோளின் அகலத்துக்கு ஒத்த குறுகலான ஹேண்டில்பாரும், 165 மில்லிமீட்டர் கிராங்கும் பெரிதும் உதவும். பிரேக் பிடியைக் கைக்கு அருகில் கொண்டுவர அநேகமாக எல்லாப் பிடிகளிலும் ஒரு சிறிய திருகு இருக்கிறது. அதைச் சொல்லித் தராமலே சைக்கிளை விற்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: திண்டு வைத்த அரைக்கால் சட்டையை உள்ளாடையில்லாமல் அணியுங்கள், உராயும் இடங்களில் களிம்பு தடவிக்கொள்ளுங்கள், ஒருநாள் போட்டதைத் துவைக்காமல் மறுநாள் போடாதீர்கள். வெயில் ஏறினால் பாதம் வீங்கும்; மதியத்துக்கு முன்பாகவே காலணியின் வாரை ஓர் இழை தளர்த்துங்கள்.

ஆகாரம் சௌகரியத்தோடு சம்பந்தப்பட்டதா என்று கேட்பீர்கள். மிதியின் பலம் மேலுடம்பைத் தாங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? வயிறு காலியாகி மிதி தளர்ந்தால், காலையில் சௌகரியமாயிருந்த அதே சீட்டும் அதே ஹேண்டில்பாரும் பிற்பகலில் சித்திரவதையாகிவிடுகின்றன. பிரான்ஸில் வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட போல் தெ விவி, பல வருஷங்கள் சைக்கிள் பத்திரிகை நடத்தி, மலைப்பாதைகளில் ஓயாமல் ஓட்டிய பெரியவர். பசி வருமுன் புசிக்கவும் தாகம் வருமுன் பருகவும் தம் வாசகர்களுக்குப் போதித்து வந்தார். மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் வரையில் மாவுச்சத்து என்று இன்றைக்குச் சொல்வார்கள். ஒரு வாழைப்பழமும் இரண்டு இட்லியும் அதற்குப் போதுமானவை. நம் சாலையோரங்களில் இளநீர் தாராளமாகக் கிடைப்பது பாக்கியம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, உப்பின் சத்து சொற்பம். சட்டையில் வெள்ளைக் கோடாகப் படியும் உப்பை இளநீரும் வெறும் தண்ணீரும் ஈடுசெய்யமாட்டா. தண்ணீரையே மேலும் மேலும் குடிப்பது இரத்தத்திலுள்ள உப்பை நீர்க்கச் செய்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உப்புப் போட்ட நீர்மோர் உத்தமமானது.

கடைசியாக, உங்கள் கூட்டத்தில் அனுபவசாலிகளாக இருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். புதிதாக வந்த ஒருவர் விரல் மரத்துப்போகிறது என்றோ, உட்கார முடியவில்லை என்றோ தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, பழகிவிடும் என்று முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். தொடை பழகும், நுரையீரல் பழகும், தோலும் ஓரளவுக்குப் பழகும். நசுங்கிய நரம்பு பழகுவதில்லை. 200 கிலோமீட்டர்ப் பிரயாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக ஒரு மாலையில் புதியவர்களை வரவழைத்து, நாலு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் ஆலன் சாவியும் அளவு நாடாவும் ரசமட்டமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் சைக்கிளாகப் பாருங்கள். பெண்களுடைய சிரமங்களைக் கேட்க உங்களிலுள்ள மூத்த பெண் சவாரிக்காரர்கள் முன்வர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் செய்து, பழைய அளவைக் குறித்து வைத்து, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சொல்லும்படி அனுப்புங்கள். பிரயாணத்துக்கு முந்தின இரவில் மட்டும் எவருடைய சீட்டையும் தொடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
சக பிரயாணி